டீச்சர் பார்க்காத வரிசை

ஜனவரி 6, திங்கள்

கோவையிலிருந்து தாராபுரம் வரை கண்ணாடிப் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். பல்கலைக்கழகத்தில் இது ஒன்றுதான் இருக்கிறது. உடைந்தால் என் முனைவர் பட்டமும் உடைந்த மாதிரி. பார்க்க தடித்த கறுப்பு பிரேம் போட்ட மூக்குக்கண்ணாடிதான். ஆனால் உட்பக்கம் கடுகளவு கேமராக்கள். போட்டிருப்பவரின் கண் எந்த நொடி எங்கே பார்க்கிறது என்று பதிவு செய்துவிடும். பாடம் நடத்தும்போது ஆசிரியர்கள் யாரைப் பார்க்கிறார்கள், யாரை விட்டுவிடுகிறார்கள், அதனால் கற்றலில் என்ன வித்தியாசம் வருகிறது என்பது என் ஆய்வு. இங்கே அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஆறு ஆசிரியர்கள் சம்மதித்திருக்கிறார்கள்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மாடியில் ஓர் அறை. தண்ணீர் காலையில் மட்டும்தான் வருமாம். அம்மா தூத்துக்குடியிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள். "சாப்பிட்டியாட்டி பிரிசில்லா?" சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை.

ஜனவரி 8, புதன்

முதல் ஆள் மயிலாத்தாள் டீச்சர். ஏழாம் வகுப்புக்குக் கணக்கு. ஐம்பத்து நான்கு வயது, உரத்த குரல், சேலை மடிப்பில் எப்போதும் சாக்பீஸ் தூள். பள்ளியிலேயே மூத்தவர். ஜூன் மாதம் தலைமையாசிரியர் ஓய்வு பெறுகிறார், அடுத்தது மயிலாத்தாள் டீச்சர்தான் என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள்.

கண்ணாடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம் அம்மிணி, இதைய மாட்டுனா நான் எங்க பாக்கறேன்னு தெரிஞ்சுருமா? முப்பது வருசமா எங்கூட்டுக்காரருக்கே அது தெரியல."

கருவியை ஒவ்வொருவர் கண்ணுக்கும் பொருத்த வேண்டும். திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தோன்றும். தலையை அசைக்காமல் பார்க்க வேண்டும். நடுவில், வலதில் எல்லாம் சரியாக விழுந்தன. இடது ஓரத்துப் புள்ளிகள் மட்டும் விழவில்லை. திரும்பச் செய்தேன். மறுபடியும் அப்படியே. டீச்சர் சிரித்தார். "இந்தப் பக்கந்தான் வருது கண்ணு. அந்தப் பக்கம் ஒண்ணையுங் காணோம்."

கருவி மக்கர் செய்கிறது. மணி அடித்துவிட்டது. பிழை வரம்பைத் தளர்த்தி, பொருத்தம் சரி என்று போட்டுவிட்டு வகுப்புக்கு அனுப்பினேன்.

ஜனவரி 9, வியாழன்

அறையில் கண்ணாடியை நானே மாட்டிச் சோதித்தேன். எல்லாப் புள்ளிகளும் விழுந்தன. டீச்சருக்கு மூக்குப் பகுதி சரியாக உட்காரவில்லை போல.

துணி துவைத்தேன். மாவு வாங்கினேன்.

ஜனவரி 21, செவ்வாய்

பொங்கல் விடுமுறை முடிந்து மூன்று வகுப்புகள் பதிவாகிவிட்டன. மயிலாத்தாள் டீச்சரின் வகுப்பை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம். பின்னத்தைச் சொல்லித்தர ஒரு கொய்யாவை வெட்டி, கடைசியில் துண்டுகளைப் பிள்ளைகளுக்கே கொடுத்துவிட்டார். துண்டுகள் முழுக்க அவருக்கு வலப்பக்கத்தில் இருந்த பையன்களிடமே போய்விட்டன. இடப்பக்க வரிசைகளில் பெண் பிள்ளைகள். மோனிஷா என்று ஒரு பெண், இரண்டாவது பெஞ்சு, கையைத் தூக்கியபடியே இருந்தாள். பிறகு இறக்கிக்கொண்டாள்.

வெளியே வரும்போது டீச்சர் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். இடது முழங்கைக்கு மேலே ஏற்கனவே ஒரு பழைய கன்றல் இருந்தது. "வயசாகுதல்ல, எங்க போனாலும் முட்டிக்கறேன்" என்றார். எனக்கும் ஒரு கொய்யா தந்தார். நல்ல இனிப்பு.

பிப்ரவரி 3, திங்கள்

முதல் படங்கள் வந்துவிட்டன. வகுப்பறையின் படத்தின் மேல், ஆசிரியர் அதிகம் பார்த்த இடம் சிவப்பாகவும் பார்க்காத இடம் கருநீலமாகவும் விழும். மற்ற ஐந்து பேருக்கும் நிறங்கள் கலந்து கிடக்கின்றன. மயிலாத்தாள் டீச்சருடையது மட்டும் கத்தியால் வெட்டியதுபோல இரண்டாகப் பிரிந்திருக்கிறது. பையன்கள் பக்கம் முழுக்கச் சிவப்பு. பெண் பிள்ளைகள் பக்கம் முழுக்க நீலம்.

என் வழிகாட்டி கருணாகரன் சாருக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் கூப்பிட்டார். இதுவரை அவராக என்னைக் கூப்பிட்டதே இல்லை.

"பிரிசில்லா, இது சாதாரண விஷயம் இல்லம்மா. ஒரு பெண் ஆசிரியரே பெண் குழந்தைகளைப் பார்க்கிறதில்லை. மார்ச் ஏழாம் தேதி கருத்தரங்கில் இதுதான் நம்ம முதல் படம். பொருத்தம் எல்லாம் சரியாத்தானே இருந்தது?"

"சரியா இருந்தது சார்" என்றேன்.

பிப்ரவரி 12, புதன்

மோனிஷாவின் கணக்கு மதிப்பெண் காலாண்டில் எண்பத்தொன்று. அரையாண்டில் ஐம்பத்திரண்டு. பெண் பிள்ளைகள் எல்லோருக்குமே குறைந்திருக்கிறது. என் ஆய்வு முடிவு வலுப்பெறுகிறது. சந்தோஷப்பட வேண்டும்.

பிப்ரவரி 17, திங்கள்

தாளாளர் குழந்தைசாமி அழைத்திருந்தார். காபி வந்தது. அடுத்த ஆண்டும் இந்தப் பள்ளியில் எனக்கு அனுமதி வேண்டும். அது அவர் கையில்தான் இருக்கிறது.

"ஒண்ணரை மாசமா எங்க ஸ்கூல்ல என்ன பண்ணுனீங்கன்னு நாங்களும் கொஞ்சம் பாக்கலாமில்லீங் அம்மிணி?"

பெயர்கள் எதையும் வெளியிட மாட்டேன் என்று ஆசிரியர்களிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதனால் பெயரில்லாமல் ஒரே ஒரு படத்தை மட்டும் காட்டினேன். ஆய்வின் சிறந்த முடிவு அதுதான் என்பதால். அவர் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அனுமதி தருவதாகச் சொன்னார்.

பெயரைச் சொல்லவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. நேற்று எழுதியது முழுவதும் சரியல்ல. படத்தில் ஜன்னலும் கரும்பலகையும் தெரிகின்றன. "இது ஏழாங்கிளாசுங்களா?" என்று அவர் கேட்டார். ஏழாம் வகுப்பில் கண்ணாடி மாட்டியவர் மயிலாத்தாள் டீச்சர் ஒருவர்தான். கேட்டது காதில் விழாதவள்போல மடிக்கணினியை மூடினேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

பிப்ரவரி 24, திங்கள்

காலையில் பள்ளி வாசலில் அம்மாக்கள் கூட்டம். யாரோ அந்தப் படத்தைப் பற்றி வெளியே சொல்லியிருக்கிறார்கள். மோனிஷாவின் அம்மா பனியன் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். அவர் குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்டது.

"எம்புள்ள ஆறு மாசமா ஊட்டுல வந்து அழுகுது. கையத் தூக்குனாலும் டீச்சர் என்னையப் பாக்கறதே இல்லீம்மான்னு. நான் அவளத்தானுங்க திட்டுனேன், நீ ஒழுங்காப் படிச்சாப் பாப்பாங்கன்னு. இப்ப மிசினே சொல்லுதாமா!"

மயிலாத்தாள் டீச்சர் தாளாளர் அறையிலிருந்து வெளியே வந்தபோது நான் தண்ணீர்த் தொட்டி அருகே நின்றிருந்தேன். என்னைத் தாண்டித்தான் போனார். என்னைப் பார்க்கவில்லை. கோபத்தில் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நான் அவருக்கு இடப்பக்கத்தில் நின்றிருந்தேன்.

ஏழாம் வகுப்பை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். இனிமேல் நூலகத்தில் உட்கார வேண்டுமாம். ஜூன் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை.

மார்ச் 1, சனி

டீச்சர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான். அவர் கணவர் லாரியில் வடக்கே போயிருக்கிறார். தனியாகத்தான் இருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நான் அப்புடிப் பண்ணுனனா அம்மிணி? எனக்கே தெரியலியே. எங்கப்பன் என்னைப் படிக்க வெக்க மாட்டேன்னு நின்னவரு. பட்டினி கெடந்து படிச்சேன். நான் போயி பொம்பளப் புள்ளைகளப் பாக்காம இருப்பனா? ஆனா மிசினு பொய் சொல்லுமா?"

காபி போட்டு எடுத்து வந்தார். நான் வாங்கிப் போன பழப்பையை மேசையில் அவருக்கு இடப்பக்கம் வைத்திருந்தேன். தம்ளரை அதன் மேலேயே வைத்தார். காபி கொட்டியது. "இங்க எப்ப வெச்சே?" என்று கேட்டார். அவர் கண் முன்னால்தான் வைத்தேன்.

துணி எடுத்து வந்து துடைத்தார். அவர் நேரே என் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும்போது, அவருக்கு இடப்பக்கமாக என் கையை மெதுவாக உயர்த்தி விரல்களை அசைத்தேன். பேச்சு நிற்கவில்லை. கண் இமைக்கவில்லை. கையைக் கொஞ்சம் கொஞ்சமாக நடுப்பக்கம் கொண்டுவந்தேன். ஏறக்குறைய மூக்குக்கு நேரே வந்தபோதுதான், "என்ன கண்ணு, ஈயா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

மார்ச் 2, ஞாயிறு

மாதா கோவிலுக்குப் போனேன். பூசையில் மனம் நிற்கவில்லை. ஜனவரி எட்டாம் தேதிப் பதிவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். இடது ஓரத்தில் புள்ளி தோன்றுகிறது, மறைகிறது. அவர் கண்கள் அசையவே இல்லை. அந்தப் பக்கம் ஒண்ணையுங் காணோம் என்று என்னிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். பதிவில் என் குரலும் இருக்கிறது. "பரவாயில்ல டீச்சர், மிஷின் கோளாறு."

பார்வையைப் பற்றித்தான் நான் ஆராய்ச்சி செய்கிறேன்.

ஆனாலும் நான் மருத்துவர் இல்லை. உறுதியாகத் தெரியாமல் ஒருவரைப் பயமுறுத்தக் கூடாது. கருத்தரங்கு முடிந்ததும் நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம். ஐந்து நாள்தானே.

மார்ச் 4, செவ்வாய்

இஸ்திரி போட சேலை கொடுத்தேன். உரையை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன்.

மார்ச் 7, வெள்ளி

முதல் படம் திரையில் விழுந்ததும் அரங்கில் ஒரு சலசலப்பு. கேள்வி நேரத்தில் ஒரு பேராசிரியை எழுந்தார். "அந்த ஆசிரியரோட பார்வை பரிசோதிக்கப்பட்டதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கருணாகரன் சார், "எல்லாருக்கும் கருவிப் பொருத்தம் சரிபார்க்கப்பட்டது" என்றார். என்னைப் பார்த்தார். தலையசைத்தேன்.

சிறந்த ஆய்வுரைக்கான பரிசு எனக்கு. ஒரு கேடயம். அம்மா போட்டோ அனுப்பச் சொன்னாள். அனுப்பவில்லை. திரும்பி வரும் பேருந்தில் கேடயத்தை இருக்கைக்கு அடியில் வைத்தேன். இறங்கும்போது எடுக்க மறக்க வேண்டும் என்று நினைத்தேன். மறக்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

பள்ளிக்கு லீவு போட வைத்து, டீச்சரைக் கோவையில் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். "கண்ணு எனக்கு நல்லாத்தானே தெரியுது. பேப்பரெல்லாம் படிக்கறேன்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஒரு வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் பக்கத்தில் நின்றேன். வெளிச்சங்கள் வந்துகொண்டே இருந்தன. பொத்தான் அழுத்தும் சத்தம் எப்போதாவதுதான் கேட்டது. வெளியே வந்து, "பாதி நேரம் சும்மாவே உக்கார வெச்சுட்டாங்க" என்றார்.

டாக்டர் அம்மா பொறுமையாகச் சொன்னார். "கண்ல பிரஷர் ரொம்ப அதிகமா இருக்கும்மா. வலி இருக்காது, ஓரத்துல இருந்து பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுட்டே வரும். நடுவுல நல்லாத் தெரியறதால யாருக்கும் தெரியாது. உங்களுக்கு இடது கண்ல கொஞ்சந்தான் மிச்சம். வலது கண்லயும் மூக்குப் பக்கத்துப் பார்வை போயிருக்கு. ரெண்டும் சேர்ந்து உங்களுக்கு இடப்பக்கமே இல்லாம ஆயிருச்சு."

"மருந்து ஊத்துனா வந்துருமுங்களா?"

"போனது வராதும்மா. இருக்கறதைக் காப்பாத்தலாம். இன்னைக்கே ஆரம்பிக்கணும்."

டீச்சர் மருந்துச் சீட்டுக்காகக் காத்திருந்தபோது நான் மட்டும் மறுபடி உள்ளே போனேன். "கடைசி ரெண்டு மாசத்துல எவ்வளவு போயிருக்கும் டாக்டர்?"

"அதை யாராலயும் சொல்ல முடியாது. ஏன் கேக்கறீங்க?"

நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

சொல்லிவிட்டேன். நூலகத்தில், மதிய உணவு நேரத்தில். புள்ளிகளைப் பற்றிச் சொன்னேன். நானே மாட்டிப் பார்த்ததை, தாளாளர் கேட்டபோது வாயை மூடிக்கொண்டதைச் சொன்னேன். பிறகு அந்தக் கடைசி வாரத்தையும் சொன்னேன். அதைச் சொல்லத்தான் மிகவும் கஷ்டமாக இருந்தது.

டீச்சர் டிபன் பாக்ஸை மூடினார்.

"சனிக்கெழமை எங்கூட்டுல உக்காந்திருக்கறப்பவே உனக்குத் தெரியும்."

"ஆமா டீச்சர்."

"தெரிஞ்சுக்கிட்டு, அந்தப் படத்தைக் கொண்டு போயி மேடையில காட்டுனே."

"ஆமா."

"பரிசு வேற குடுத்தாங்களாக்கும்."

அழுகை வந்தது. அவர் கையை உயர்த்தித் தடுத்தார். "அழுவாத. உன்னையத் தேத்தறதுக்கு எனக்கு இப்பச் சத்தில்ல. எந்திரிச்சுப் போ."

எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 13, வியாழன்

கருணாகரன் சாரிடம் ஆய்வுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். "அந்த ஒருத்தரை மட்டும் கணக்கிலிருந்து எடுத்துடலாம். மற்றதெல்லாம் நிற்கும். ஏன் ஊதிப் பெரிசாக்கறே?" என்றார். அவரை எடுத்தால் முடிவே இல்லை என்பது அவருக்கும் தெரியும். அன்று பொருத்தம் விழவில்லை, நான்தான் வரம்பைத் தளர்த்தினேன் என்றேன். "இதை எழுத்தில் கொடுத்தால் உன் பட்டம் என்னாகும்னு யோசிச்சியா?" என்றார்.

இரவு எழுதி அனுப்பினேன். கேடயத்தையும் பார்சலில் திருப்பி அனுப்ப வேண்டும்.

மார்ச் 17, திங்கள்

தாளாளரிடமும் அம்மாக்களிடமும் நானே நின்று சொன்னேன். பள்ளி மைதானத்தில், வெயிலில். கருவி பொய் சொல்லவில்லை, நான்தான் தப்பாகப் படித்தேன் என்றேன். எல்லாம் சரியாகிவிடும் என்று எங்கோ ஒரு மூலையில் நம்பியிருந்தேன். ஒருவர் கேட்டார், "அப்ப, பாதிக் கண்ணு தெரியாத டீச்சருகிட்டயா எங்க புள்ளைக படிக்கோணும்?" இன்னும் இருவர் ஆமாம் என்றார்கள். தாளாளர், தலைமையாசிரியர் பொறுப்புக்கு வேறொருவர் பெயரை அனுப்பியாயிற்று, இனி மாற்ற முடியாது என்றார். மருத்துவச் சான்றிதழ் கொண்டுவந்தால் ஏழாம் வகுப்பைத் திருப்பித் தரலாமாம்.

மோனிஷாவின் அம்மா மட்டும் நேரே நூலகத்துக்குப் போனார். உள்ளே என்ன பேசினார்கள் என்று தெரியாது. வெளியே வந்தபோது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 24, திங்கள்

டீச்சர் ஏழாம் வகுப்புக்குத் திரும்பிய முதல் நாள். என்னை உள்ளே வரச் சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. வராந்தாவில் நின்றேன்.

அவர் புத்தகத்தைத் திறக்கவில்லை. பெண் பிள்ளைகள் பக்கம் முழு உடம்பையும் திருப்பி நின்றார்.

"எனக்கு இந்தப் பக்கம் கண்ணு தெரியாமப் போச்சு சாமிகளா. எனக்கே அது தெரியாது. இத்தன நாளா நீங்க என்ன நெனச்சீங்க?"

மோனிஷா எழுந்தாள். "உங்களுக்கு எங்களப் புடிக்கலைன்னு நெனச்சோம் மிஸ்."

"எல்லாருமா?"

"எல்லாருந்தான் மிஸ். அதனால கையத் தூக்கறத நிறுத்திக்கிட்டோம்."

டீச்சர் மேசையைப் பிடித்துக்கொண்டார். என் முன்னால் ஒரு தடவைகூட அழாதவர், அங்கே, அவர்கள் முன்னால் அழுதார். "காரணம் எதுவா வேணா இருக்கட்டும். நீங்க பட்டது பட்டதுதான். எம்மேலதான் தப்பு" என்றார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. உள்ளே ஓடிப்போய் அதைச் சொல்ல வேண்டும் போலிருந்தது. யாருக்காகச் சொல்லப் போகிறேன் என்று யோசித்து அங்கேயே நின்றேன்.

மார்ச் 29, சனி

பல்கலைக்கழகத்தில் விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள். கண்ணாடியைத் திருப்பிக் கேட்டார்கள். நேற்றுப் போய் ஒப்படைத்தேன். அம்மாவிடம் முழுவதும் சொன்னேன். "அந்த டீச்சருக்கு மருந்து யாருட்டி வாங்கிக் குடுக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

டீச்சர் போனில் கூப்பிட்டார். பத்து நாளாக என் அழைப்புகளை எடுக்காதவர். நான் பேசத் தொடங்கியதுமே மன்னிப்பில்தான் போய் நின்றேன். இடைமறித்தார்.

"நீ வருத்தப்பட்டுக்கிட்டே இருக்கறது எனக்கு ஒண்ணுத்துக்கும் ஆகாது அம்மிணி. நாளைக்கு மறுபடி கண்ணாஸ்பத்திரி வரச் சொல்லியிருக்காங்க. எங்கூட்டுக்காரரு நாக்பூர்ல இருக்காரு. கோயமுத்தூர் ரோட்டத் தாண்டறதுக்குப் பயமா இருக்குது. வந்து கூட்டிட்டுப் போ."

ஏப்ரல் 5, சனி

பிரஷர் குறைந்திருக்கிறது. டாக்டர் அம்மா ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்தார். எங்கே நின்றாலும் முதலில் தலையை முழுக்க இடப்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. ஆயிரம் தடவை செய்தால் தானாக வந்துவிடுமாம்.

மருத்துவமனை வாசலில் ஒருவழிச் சாலையைக் கடக்க நின்றோம். நான் அவருக்கு இடப்பக்கம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். உதறிவிட்டார்.

"அங்க நிக்காத. இந்தப் பக்கம் வா."

"வண்டி அந்தப் பக்கத்திலிருந்துதான் டீச்சர் வருது."

"அதுக்குத்தான் சொல்றேன். நீ அங்க நின்னா உன்னைய நம்பிட்டு நான் திரும்பிப் பாக்க மாட்டேன். வாயையும் தெறக்காத."

வலப்பக்கம் வந்து நின்றேன். ஒரு டவுன் பஸ் இடப்பக்கத்திலிருந்து வேகமாக வந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரிந்தது. டீச்சர் நேரே எதிர்ப்புறம் பார்த்தபடி ஒரு காலைத் தூக்கினார். கையை அவர் முதுகுக்குப் பின்னால், தொடாமல், சேலையைப் பிடித்து இழுத்துவிடும் தூரத்தில் வைத்துக்கொண்டேன்.

தூக்கிய காலைக் கீழே வைத்தார். தலையை மெதுவாக, தோளுக்கு மேல் வரும்வரை முழுக்கத் திருப்பினார். பஸ் எங்களைக் கடந்து போனது. காற்று முகத்தில் அடித்தது.

"பாத்தேன்" என்றார்.

நடக்க ஆரம்பித்தார். நான் பின்னால் போனேன்.